கல் இல்லாத கோட்டை: வேல்ஸ் எல்லையில் ஹென் டோமென்

வேல்ஸ் எல்லைப் பகுதியில் பயணம் செய்தபோது, வரைபடத்தில் கோட்டை என்று குறித்திருந்த இடத்தைத் தேடிப் போனதாகவும், புல் மூடி மரம் முளைத்த ஒரு மண்மேட்டைத் தவிர அங்கே எதுவும் கண்ணில் படவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மேட்டைக் கோட்டை என்று அழைப்பது எப்படிப் பொருந்தும், கோட்டையின் கற்கள் எங்கே போயின, அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட மேடுகள் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பவை உங்கள் கேள்விகள்.

கற்கள் எங்கும் போகவில்லை. அங்கே கல் கட்டடமே இருந்ததில்லை. பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066க்குப் பிந்தைய பல ஆண்டுகளில் எழுப்பிய கோட்டைகளுள் மிகப் பெரும்பாலானவை மண்ணாலும் மரத்தாலும் ஆனவை. மரம் மக்கிப் போயிற்று, மண் நின்றுவிட்டது. வீடு விழுந்து போன மனையில் கடைக்கால் மட்டும் தெரிவதைப் போல, கோட்டையைத் தாங்கிய பீடத்தைத்தான் நீங்கள் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்தப் பீடத்தின் மேல் என்ன இருந்தது என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட, நன்றாக ஆராயப்பட்ட ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு சொன்னால் தெளிவாக இருக்கும். வேல்ஸின் பொவிஸ் மாவட்டத்தில், மான்ட்கோமரி என்ற சிற்றூருக்கு வடமேற்கே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹென் டோமென் அப்படிப்பட்ட இடம். வெல்ஷ் மொழியில் ‘ஹென்’ என்றால் பழைய, ‘டோமென்’ என்றால் மேடு. கோட்டை என்ற நினைவு ஊர்ப்பெயரில்கூட மிஞ்சாமல், பழைய மேடு என்பதே அதன் பெயராகிவிட்டது.

இவ்வகைக் கோட்டைக்கு இரண்டு உறுப்புகள் உண்டு. செயற்கையாகக் குவித்த, உச்சி தட்டையான மண்மேடு ‘மோட்’ எனப்படும். அதை ஒட்டி மண்கரையும் அகழியும் சூழ அமைந்த முற்றம் ‘பெய்லி’ எனப்படும். மோட் என்பது பழைய பிரெஞ்சுச் சொல். நம் ‘மேடு’ என்ற சொல்லோடு அது ஒலியிலும் பொருளிலும் நெருங்கி நிற்பது தற்செயலே; இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை. அந்தச் சொல்லே பின்னால் ஆங்கிலத்தில் அகழியைக் குறிக்கும் ‘மோட்’ ஆக மாறியது. மேட்டையும் பள்ளத்தையும் ஒரே சொல் குறிக்க நேர்ந்ததில் வியப்பில்லை, ஏனெனில் இரண்டும் ஒரே வேலையில் பிறந்தவை: வட்டமாகப் பள்ளம் தோண்டி, தோண்டிய மண்ணை உட்புறம் எறிந்தால் அகழியும் மேடும் ஒருசேர உருவாகின்றன. ஹென் டோமெனில் மேடு மேற்கு முனையில் நிற்கிறது. அதற்குக் கிழக்கே முற்றம் விரிகிறது. முற்றத்தைச் சுற்றி ஒன்றுக்கு இரண்டாக மண்கரைகளும் அகழிகளும் ஓடுகின்றன.

இதைக் கட்டியவர் யார் என்பதில் ஐயமில்லை. நார்மன் மன்னரான வெற்றியாளர் வில்லியம் 1086இல் எடுப்பித்த டூம்ஸ்டே என்னும் நிலக் கணக்கெடுப்பு, ரோஜர் பிரபு தாமே மான்ட்கோமரி என்ற கோட்டையைக் கட்டினார் என்று பதிவு செய்கிறது. ரோஜர், நார்மண்டியில் இருந்த தம் குடும்ப ஊரான மான்ட்கோமரியின் பெயரையே இந்த எல்லைக் காவலிடத்துக்குச் சூட்டினார். 1071ஐ ஒட்டி வில்லியம் அவருக்கு ஷ்ரூஸ்பரியை மையமாகக் கொண்ட எல்லைப் பகுதியை ஒப்படைத்திருந்தார். வடக்கே செஸ்டர், நடுவில் ஷ்ரூஸ்பரி, தெற்கே ஹியர்ஃபோர்டு என்று மூன்று பெரும் பிரபுக்களிடம் எல்லையைப் பிரித்துக் கொடுத்தது வில்லியமின் ஏற்பாடு. எனவே ஹென் டோமென் 1071க்கும் 1086க்கும் இடையில் எழுந்தது. இவ்வளவு துல்லியமாகக் காலம் சொல்லக்கூடிய மண்கோட்டைகள் மிகக் குறைவு.

ஏன் அந்த இடம்? மேட்டிலிருந்து சிறிது தொலைவில் செவர்ன் ஆற்றை நடந்தே கடக்கக்கூடிய ரிட்விமன் என்ற துறை இருக்கிறது. மேற்கே வேல்ஸின் மலைகளிலிருந்து கிழக்கே இங்கிலாந்தின் சமவெளிக்கு இறங்கும் பாதை அந்தத் துறையைத் தொட்டுத்தான் போயாக வேண்டும். நார்மன்களுக்கு ஆயிரம் ஆண்டு முன்பே ரோமானியர்கள் அதே துறையின் அருகில், ஃபோர்டன் கேயர் என்ற இடத்தில், ஒரு படைத்தளம் அமைத்திருந்தார்கள். 8ஆம் நூற்றாண்டில் நடு இங்கிலாந்தின் மெர்சியா நாட்டு மன்னர் ஆஃபா வேல்ஸுக்கும் தம் நாட்டுக்கும் நடுவே எழுப்பிய நீண்ட மண்கரையும் மான்ட்கோமரிக்குச் சற்றுக் கிழக்கே செல்கிறது. ஆட்சிகள் மாறினாலும் ஆற்றுத்துறை மாறாததால், காவலும் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றது.

மண்ணையும் மரத்தையும் நார்மன்கள் தேர்ந்ததற்கு முதல் காரணம் வேகம். கல் கோபுரத்துக்குக் குவாரி வேண்டும், சுண்ணாம்பு சுட வேண்டும், கைதேர்ந்த கொத்தர்கள் வேண்டும். காரை இறுக நேரம் வேண்டும் என்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மீட்டர்தான் சுவர் உயரும் என்பது பொதுவான மதிப்பீடு. மண்ணுக்கு மண்வெட்டியும் கூடையும் ஆட்களும் போதும். ஒரு கணக்குக்காக, அடி விட்டம் 40 மீட்டர், உச்சி விட்டம் 10 மீட்டர், உயரம் 7 மீட்டர் உள்ள ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு சுமார் 3,850 கன மீட்டர். ஓர் ஆள் ஒரு நாளில் 2 கன மீட்டர் மண்ணை வெட்டிச் சுமந்து கொட்டுவார் என்று வைத்தால், 100 பேர் இருபது நாளில் அதை முடித்துவிடலாம். உயரம் ஏற ஏறச் சுமப்பது கடினமாகும், களிமண்ணும் சரளையும் மாறி மாறிப் பரப்பி இடிக்க வேண்டும், மரவேலை தனி. எல்லாம் சேர்த்தாலும் ஒரு பருவத்துக்குள் முடிகிற காரியம் அது. 1069இல் யார்க் நகரக் கிளர்ச்சியை அடக்கிய பின் வில்லியம் அங்கே எட்டு நாள் தங்கி இரண்டாவது கோட்டையை எழுப்பினார் என்று வரலாற்றாசிரியர் ஆர்டரிக் விட்டாலிஸ் எழுதுகிறார். இந்த ஆர்டரிக் ஷ்ரூஸ்பரிக்கு அருகில் 1075இல் பிறந்தவர். அவருடைய தந்தை நம் ரோஜர் பிரபுவிடமே பாதிரியாராக இருந்தவர். ஆங்கிலேயர்கள் வீரம் மிக்கவர்களாக இருந்தும், நார்மன்கள் கோட்டை என்று அழைக்கும் அரண்கள் அவர்களிடம் மிகக் குறைவாக இருந்ததால்தான் எதிர்த்து நிற்க முடியவில்லை என்பது அவருடைய கணிப்பு.

அந்த மண்ணை வெட்டியவர்கள் விருப்பத்தோடு வந்தவர்களாக இருக்க முடியாது. ஷ்ரூஸ்பரி நகரில் கோட்டை கட்டுவதற்காக 51 வீடுகளின் இடம் போய்விட்டதாகவும், அப்படியிருந்தும் நகரத்தார் பழைய வரி முழுவதையும் கட்ட வேண்டியிருந்ததாகவும் டூம்ஸ்டே கணக்கே சொல்கிறது. நார்மன் வெற்றியைத் தையலில் காட்டும் பேயோ துணிச்சித்திரத்தில் ஹேஸ்டிங்ஸ் மேட்டைக் குவிக்கும் காட்சியில் இரண்டு தொழிலாளர்கள் மண்வெட்டியால் ஒருவரை ஒருவர் தாக்கிக்கொள்கிறார்கள். அதைத் தைத்தவர் என்ன எண்ணித் தைத்தாரோ, வேலை நடந்த இடத்தின் சூடு அந்தச் சிறு உருவங்களில் இருக்கிறது.

மேட்டின் மேல் என்ன நின்றது என்பதற்கு நேரில் கண்டவர்களின் வருணனை ஒன்று கிடைத்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்றைய பெல்ஜியத்தில், ஃபிளாண்டர்ஸ் பகுதியின் மெர்கெம் என்ற ஊருக்குப் போன ஓர் ஆயரின் வாழ்க்கை வரலாற்றில் அது இடம்பெறுகிறது. அந்நாட்டுச் செல்வர்கள் முடிந்த மட்டும் உயரமாக மண்ணைக் குவித்து, முடிந்த மட்டும் அகலமாகவும் ஆழமாகவும் அகழி வெட்டி, மதிலுக்குப் பதிலாக இறுக்கிப் பிணைத்த பலகை வேலியால் உச்சியைச் சூழ்ந்து, நடுவில் எல்லாவற்றையும் கீழே பார்க்கும்படி ஒரு வீடு கட்டுவார்கள் என்று அதை எழுதியவர் கூறுகிறார். உள்ளே போவதற்கு ஒரே வழி, அகழியின் வெளிக்கரையில் தொடங்கி, இரண்டும் மூன்றுமாக நிறுத்திய தூண்களின் மேல் சிறிது சிறிதாக உயர்ந்து மேட்டின் உச்சியைத் தொடும் மரப்பாலம். ஆயர் அதன் வழியே இறங்கி வருகையில், ஏறத்தாழ 35 அடி உயரத்தில், உடன் வந்த கூட்டத்தின் பாரம் தாங்காமல் பாலம் முறிந்து எல்லோரும் அகழிக்குள் விழுந்தார்கள். ஒருவருக்கும் அடிபடவில்லை என்பதை எழுதியவர் இறையருளாகக் கொண்டார். நமக்கு அந்தப் பாலத்தின் அமைப்பு முக்கியம், ஏனென்றால் ஹென் டோமெனிலும் மேட்டுக்கும் முற்றத்துக்கும் இடையிலான அகழியில் அப்படிப்பட்ட பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்ட தடயங்கள் கிடைத்தன. ஈரம் காத்த அகழிக்குள் ஓக் மரத்தால் ஆன அடி உத்தரமும் தப்பியிருந்தது.

ஹென் டோமெனின் அகழாய்வு 1960இல் தொடங்கி 1992 வரை, பெரும்பாலும் கோடைதோறும் நடந்தது. அதைத் தொடங்கி நடத்தியவர் ஃபிலிப் பார்க்கர். பின்னர் ராபர்ட் ஹையம் அவரோடு இணைந்தார். முற்றத்தின் வடபாதியை முழுவதும் திறந்து பார்ப்பதற்கே இத்தனை ஆண்டுகள் ஆயின. மரக்கோட்டையைத் தோண்டுவதில் உள்ள இடர்ப்பாடு தெரிந்தால் இந்தப் பொறுமையின் அருமை விளங்கும். தூண் நட்ட குழி இருந்தால், மக்கிய மரத்தின் கரிய வட்டம் மண்ணில் தெரியும். ஆனால் தரைமேல் உத்தரத்தைக் கிடத்தி அதன் மேல் சுவர் எழுப்பிய வீடு குழி எதையும் விட்டுச் செல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்க, கூழாங்கல் பரவிய தரையைக் கரணையாலும் தூரிகையாலும் அங்குலம் அங்குலமாகச் சுத்தம் செய்து, கல் கல்லாக வரைந்துகொள்ள வேண்டும். அப்படி வரைந்த படத்தில் ஓரிடத்தில் கூழாங்கல்லே இல்லாத ஒரு நீண்ட பட்டை தென்படும். உத்தரம் கிடந்தது அங்கே. அதற்கு இணையாகச் சற்றுத் தள்ளி, மண் கழுவப்பட்டுப் பொடிச்சரளை மட்டும் நிற்கும் ஒரு மெல்லிய கோடு ஓடும். இறவாரத்திலிருந்து மழைநீர் பல ஆண்டு சொட்டிய இடம் அது. கோட்டுக்கு உள்ளே தரை நடந்து நடந்து இறுகியிருக்கும். வெளியே சேறாக இருக்கும். இந்த மூன்று குறிப்புகளும் சேர்ந்தால் ஒரு வீடு. சிறு சோதனைக் குழிகளை வெட்டி நிறுத்தியிருந்தால் இவற்றில் எதுவும் தெரிந்திருக்காது. பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்கும் முறை பிரிட்டனில் வேரூன்றியதில் பார்க்கரின் பங்கு பெரிது, அந்த முறை பக்குவப்பட்ட இடங்களில் இந்த முற்றமும் ஒன்று.

கோட்டையின் கரைக்கு அடியில் கிடைத்தது இன்னும் அரியது. மண்கரையை நீக்கியபோது அதன் கீழே வரிவரியாக உழவுப் பாத்திகள் தெரிந்தன. ரோஜரின் ஆட்கள் மண் கொட்டுவதற்கு முன்பு அது ஒரு வயல். நார்மன்களுக்கு முந்தைய வயல் ஒன்று காலம் உறுதியாகத் தெரியும்படி மூடிக் காக்கப்பட்டிருப்பது அபூர்வம். வயல் தரிசாகி, புதர் மண்டிய பிறகே கோட்டை வந்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு. டூம்ஸ்டே கணக்கும் இதோடு ஒத்துப் போகிறது: கோட்டையைச் சேர்ந்த ஐம்பத்திரண்டரை ஹைடு (அக்கால ஆங்கில நில அளவு) நிலத்தை நார்மன்களுக்கு முன் ஆண்ட எட்வர்டு மன்னர் காலத்தில் செவார், ஓஸ்லாக், அசோர் என்ற மூவர் வரியின்றி வேட்டைக்காக வைத்திருந்தார்கள் என்கிறது அது. உழவர் கைவிட்டுப் போன எல்லை நிலம் வேட்டைக் காடாகி, வேட்டைக் காடு கோட்டையாயிற்று. ஏட்டில் ஒரு வரியும் மண்ணில் ஒரு வரியும் இப்படி ஒன்றையொன்று உறுதிசெய்வது தொல்லியலில் அடிக்கடி நேர்வதில்லை.

கோட்டையின் வாழ்க்கைக்கு வருவோம். ரோஜர் 1094இல் இறந்தார். அடுத்த ஆண்டே வெல்ஷ் மக்கள் மான்ட்கோமரிக் கோட்டையைத் தாக்கி உள்ளே இருந்த காவலர்களைக் கொன்றார்கள் என்று ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு கூறுகிறது. வெற்றியாளரின் மகனான மன்னர் இரண்டாம் வில்லியம் சினம் கொண்டு ஸ்னோடன் மலை வரை படையெடுத்துப் போயும், மலைக்குள் மறைந்தவர்களைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். ரோஜரின் மகன் ஹியூ 1098இல் மெனாய் நீரிணையில் நார்வே மன்னர் மேக்னஸின் படையோடு நடந்த மோதலில் அம்பு பட்டு மாண்டார். அடுத்து வந்த அண்ணன் ராபர்ட் 1102இல் முதலாம் ஹென்றியை எதிர்த்துக் கிளர்ந்து எல்லாவற்றையும் இழந்தார். அதன் பின் கோட்டை பால்ட்வின் டி பூலர் என்பவருக்குப் போய், ஒரு நூற்றாண்டு அவர் குடும்பத்திடம் இருந்தது. மான்ட்கோமரியை வெல்ஷ் மொழியில் இன்றும் ‘ட்ரெவால்ட்வின்’, அதாவது பால்ட்வின் ஊர் என்றே அழைக்கிறார்கள்.

இந்த மாற்றங்கள் முற்றத்தின் மண்ணிலும் தெரிகின்றன. ரோஜரின் காலத்துக் கட்டடங்கள் கனத்த மரங்களால் ஆன பெரிய கட்டடங்கள். மேட்டின் அடிவாரத்தில் பெரிய கூடம் ஒன்று இருந்தது. அரசனுக்கு அடுத்த நிலையில் இருந்த ஒரு பிரபுவின் செல்வாக்கை அவற்றில் காணலாம். பால்ட்வின் குடும்பத்தின் காலத்தில் வீடுகள் சிறுத்து, எண்ணிக்கை பெருகி, முற்றத்தில் கால் வைக்க இடமில்லாதபடி நெருங்கி நின்றன. கோட்டை என்றதும் நம் மனத்தில் எழும் வெட்டவெளி முற்றத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. களிமண் பூசிய கழிப்பின்னல் சுவர்களும், அடுப்புப் புகையும், குறுகிய சந்துகளும், ஒரு சிறு வழிபாட்டுக் கூடமும் சேர்ந்த நெரிசலான குடியிருப்பு அது. கிடைத்த பொருள்களோ மிகக் குறைவு. பானை ஓடுகளும் எலும்புகளும் இரும்புத் துண்டுகளும் உண்டு. காசுகளும் அணிகலன்களும் அரிது. எல்லைக் காவல் என்பது ஈரமும் குளிரும் வறுமையும் நிறைந்த வாழ்க்கை என்பதை அந்தக் குறைவே காட்டுகிறது.

மரம் என்றால் அவசரத்துக்குக் கட்டிய தற்காலிகக் கூடாரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஹென் டோமெனைப் பார்த்த பிறகு அதை நான் ஏற்பதில்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அது புழக்கத்தில் இருந்தது. திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டது. ஒரு முறைகூடக் கல்லுக்கு மாறவில்லை. தீக்கு அஞ்ச வேண்டும் என்பது உண்மையே. பேயோ துணிச்சித்திரத்தில் தினான் கோட்டையின் வேலிக்குப் பந்தம் வைப்பதைக் காணலாம். ஆனாலும் ஓக் மரம் நன்கு தொகுக்கப்பட்டால் தலைமுறைகள் நிற்கும். அழுகிய பகுதியை மட்டும் மாற்றலாம். தேவை மாறினால் கட்டடத்தையே பிரித்து வேறு விதமாக எழுப்பலாம்.

இனி, எல்லையில் ஏன் இத்தனை மேடுகள் என்ற கேள்வி. எல்லைப் பிரபுக்களுக்கு உள்நாட்டுப் பிரபுக்களுக்கு இல்லாத உரிமைகள் இருந்தன. தம் பகுதிக்குள் அவர்கள் நீதி வழங்கினார்கள், போர் தொடுத்தார்கள், அரசனின் அனுமதி கேளாமல் கோட்டை கட்டினார்கள். இந்தத் தனியாட்சி எட்டாம் ஹென்றி 1536இல் சட்டம் இயற்றும் வரை நீடித்தது. பெரிய பிரபு ஒருவரின் கீழே நிலம் பெற்ற சிறிய வீரர்கள் ஒவ்வொருவரும் தம் நிலத்தில் தம் அளவுக்கு ஒரு மேட்டை எழுப்பிக்கொண்டார்கள். மான்ட்கோமரிச் சமவெளியில் ஹென் டோமெனுக்குக் கிழக்கே சிறுமேடுகள் அடுத்தடுத்து இருப்பதற்கு இதுவே காரணம்; பல மேடுகளில் ஒரு வீடும் வேலியும் தவிர வேறு எதுவும் இருந்திருக்காது. எல்லா மேடுகளையும் நார்மன் என்று கொள்வதும் தவறு. வெல்ஷ் அரசர்கள் எதிரியின் கலையை விரைவில் கற்றுக்கொண்டார்கள். டோமென் இ ரோட்விட் என்ற மேட்டை 1149இல் எழுப்பியவர் வட வேல்ஸின் குவினெத் நாட்டு மன்னர் ஒவைன். பிற்காலத்தில் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த வெல்ஷ் தலைவர் ஒவைன் க்ளின்டூர் வாழ்ந்த சிகார்த் மாளிகையும் இப்படிப்பட்ட மேட்டின் மேல்தான் இருந்தது. அதை 1403இல் இளவரசர் ஹென்றி, பின்னாளைய ஐந்தாம் ஹென்றி, எரித்தார்.

ஹென் டோமெனுக்கு எதிரிப் படை முடிவு கட்டவில்லை. 1223இல், பதினாறு வயதான மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில், இன்றைய மான்ட்கோமரி ஊருக்கு மேலே உள்ள பாறை முகட்டில் கல் கோட்டை தொடங்கப்பட்டது. பழைய கோட்டை ஆற்றுத்துறையைப் பார்க்கும் புறக்காவலாகச் சுருங்கியது. அதே துறையில்தான் 1267இல் மூன்றாம் ஹென்றியும் வெல்ஷ் ஆட்சியாளர் லெவெலின் அப் கிரிஃபித்தும் சந்தித்து, லெவெலினை வேல்ஸின் இளவரசர் என்று ஏற்கும் மான்ட்கோமரி உடன்படிக்கையைச் செய்துகொண்டார்கள். 1282-83இல் முதலாம் எட்வர்டு வேல்ஸை வென்ற பின் காக்க வேண்டிய எல்லையே இல்லாமல் போயிற்று. 1300ஐ ஒட்டிக் கோட்டை கைவிடப்பட்டது.

அடுத்த முறை இப்படி ஒரு மேட்டுக்குப் போனால், மேட்டின் உச்சியை நோக்கி உடனே ஏறாமல் முதலில் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். அகழி இருக்கிறதா, ஒரு பக்கத்தில் மண்கரை சூழ்ந்த முற்றம் விரிகிறதா, அங்கிருந்து எந்தத் துறையும் எந்தப் பாதையும் கண்ணில் படுகின்றன என்று கவனியுங்கள். உருவத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்லிவிட முடியாது. வில்ட்ஷயரில் உள்ள மார்ல்பரோ மேட்டை நெடுங்காலம் நார்மன் மேடு என்றே பலரும் நம்பியிருக்க, 2011இல் கரிமக் காலக்கணிப்பு அதைக் கி.மு. 2400ஐ ஒட்டியது என்று காட்டியது. நார்மன்கள் அதைத் தங்கள் கோட்டைக்குப் பயன்படுத்திக்கொண்டவர்கள் மட்டுமே. செங்குத்தான சரிவில் ஏறினால் புல் பெயர்ந்து மழையில் மண் அரிக்கும் என்பதால், வழி இல்லாத இடத்தில் ஏறாதிருங்கள். சட்டப் பாதுகாப்புப் பெற்ற இடங்களில் அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவது குற்றம். இவற்றுள் பல தனியார் பண்ணைகளில் இருப்பதால், நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவது நல்லது.

ஹென் டோமெனில் முற்றத்தின் தென்பாதியைத் தோண்டவில்லை. அங்கே இறவாரத்து நீர் சொட்டிய கோடுகள் இன்னும் புல்லுக்கு அடியில் அப்படியே இருக்கும்.